ஒரே பட்டயம், இரண்டு சம்பளச் சீட்டு: ஒரு தாதித் தம்பதியின் கணக்கு

இந்த ஆய்வில் வரும் இருவரும் எனக்கு அந்நியர்கள் அல்லர். ஒருத்தி என் தங்கை, மற்றவர் அவளுடைய கணவர். இருவரும் பதிவுபெற்ற தாதியர். 2006-இல் ஒரே பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் தாதிமைப் பட்டயம் வாங்கியவர்கள். தேர்வில் அவளுக்கு அவரைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பெண். அதை அவரே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். இன்று இருவரும் பொதுத்துறை மருத்துவமனைகளில் வேலை செய்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுடன் சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கிறார்கள். அவருடைய மாதச் சம்பளம் 100 வெள்ளி என்றால் அவளுடையது 74 வெள்ளி.

நான் சம்பளப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். பிறருடைய சம்பளச் சீட்டைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் இந்த இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதற்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். இருவருடைய வருமானத்தையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்த என் தங்கை பேனாவை மூடாமலே கேட்டாள்: "அக்கா, நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலைதானே செய்கிறோம்?" கோபமாகக் கேட்கவில்லை. மருந்தின் அளவை இரண்டாம் முறை சரிபார்க்கிற குரலில் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை. இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம், உண்மைத் தொகையும் வேண்டாம் என்றார்கள். ஆகவே அவருடைய மொத்த மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். 2009 முதல் வந்த சீட்டுகளை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தாள். அவருடையவை கைத்தொலைபேசியில் இருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஒரு குடும்பத்தை வைத்து ஒரு தொழிலையே அளந்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாட்டின் புள்ளிவிவரம் ஒரு வரியில் கடந்துபோகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு குடும்பத்தின் டின்னில் பார்த்துவிடலாம்.

பதினாறு ஆண்டுகள்

2009-இல் அவள் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தாள். ஏறக்குறைய அதே நாட்களில் அவர் தலையை மழித்துக்கொண்டு தெக்கோங் தீவுக்குப் படகேறினார். ஆண்களுக்குக் கட்டாயமான இரண்டு ஆண்டு முழுநேரத் தேசிய சேவை, காலாட்படையில். 2011-இல் அவர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, தேசிய சேவைக்கான உயர்வையும் சேர்த்தே தொடக்கச் சம்பளத்தை நிர்ணயித்தார்கள். அவளுக்கு அதற்குள் இரண்டு ஆண்டு உயர்வு கிடைத்திருந்தது. ஆக, அந்த ஆண்டு இருவருடைய அடிப்படைச் சம்பளமும் ஏறத்தாழ சமம்.

2014-ஆம் ஆண்டுச் சீட்டுகளை எடுத்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. அந்த ஆண்டு அவள்தான் அதிகம் சம்பாதித்திருக்கிறாள். திருமணச் செலவுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் சேர்த்துக்கொண்டிருந்த காலம். மாதம் ஏழெட்டு இரவு வேலை பார்த்தாள். சீனப் புத்தாண்டின் இரண்டு நாளும் பணிப்பட்டியலில் தானே பெயரை எழுதிக்கொள்வாள். அதற்குக் கைம்மாறாகச் சீனத் தோழி தீபாவளியன்று அவள் இடத்தில் நிற்பாள். பொது விடுமுறைக்கான கூடுதல் சம்பளம் அந்தப் பிப்ரவரிச் சீட்டில் தனி வரியாக இருக்கிறது. "அப்போது நீதான் எனக்குக் கோப்பிக் காசு கொடுப்பாய்" என்று அவர் நினைவுபடுத்தினார்.

2016-இல் முதல் பிள்ளை. அதே ஆண்டு தீவிர சிகிச்சைத் தாதிமையில் உயர் பட்டயம் படிக்க அவளுடைய வார்டிலிருந்து அவள் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்ததால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டாள். அடுத்த ஆண்டு கைக்குழந்தை இருந்தது. அந்த ஆண்டு அவருடைய மருத்துவமனையில் அவரை அதே படிப்புக்கு அனுப்பினார்கள். 2018-இல் அவர் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் ஆனார். 2019-இல் இரண்டாவது பிள்ளை. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து ஈராண்டு அவள் பகுதிநேரம். கொவிட் காலத்தில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் முகக்கவசத் தழும்புடன் விடியற்காலையில் வீடு திரும்பினார். அவள் அரை வேலையும் முழுக் குடும்பமுமாக இருந்தாள். 2021 இறுதியில் முழுநேரத்துக்குத் திரும்பியபோது பகல் வேலை மட்டுமே உள்ள வெளிநோயாளர் கிளினிக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். 2022-இல் அவளும் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் ஆனாள், அவருக்கு நான்கு ஆண்டு கழித்து. 2023-இல் அவர் அதற்கும் அடுத்த பதவியான அசிஸ்டண்ட் நர்ஸ் கிளினிஷியன்.

26 வெள்ளி எங்கிருந்து வருகிறது

அவருடைய 100 வெள்ளி இப்படி உடைகிறது: அடிப்படைச் சம்பளம் 82, ஷிப்ட் மற்றும் இரவுப் படிகள் 10, தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறப்புத் தகுதியுடன் வேலை செய்வதற்கான படி 4, கூடுதல் பணிக்கு 4. அவளுடைய 74 வெள்ளியில் அடிப்படை 72, சனிக்கிழமைக் கிளினிக்கிற்கான படி 2. அவளுடைய சீட்டில் வேறு வரியே இல்லை.

26 வெள்ளி வேறுபாட்டில் 16 வெள்ளி படிகளிலும் கூடுதல் பணியிலும் இருக்கிறது. மீதி 10 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில். அந்தப் பத்தையும் பிரித்தேன். அவர் அவளைவிட ஒரு பதவிநிலை மேலே இருப்பதால் வருவது 7. எஞ்சிய 3 வெள்ளிதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. ஒரே பதவியில் இருந்தாலும் இருந்திருக்கக்கூடிய வேறுபாடு அது. இரண்டு மகப்பேற்று ஆண்டுகளிலும் அவளுடைய ஆண்டு மதிப்பீடு ஒரு படி இறங்கியிருந்தது. அந்த ஆண்டுகளின் உயர்வு சிறியதாகி, அடுத்தடுத்த உயர்வுகள் எல்லாம் அந்தச் சிறிய தொகையின் மேலேயே கணக்கிடப்பட்டு வந்திருக்கின்றன. பகுதிநேர ஆண்டுகளிலும் உயர்வு நேரத்துக்கேற்பக் குறைந்திருந்தது. மாதம் 3 வெள்ளி சின்னதாகத்தான் தெரியும். வட்டி போலக் குட்டி போட்டுக்கொண்டே போவது அதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மருத்துவமனைகளிலும் ஆணுக்கு ஓர் அட்டவணை, பெண்ணுக்கு ஓர் அட்டவணை என்று எதுவும் கிடையாது. அரசுப் பணியில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கையைச் சிங்கப்பூர் 1962-இலேயே ஏற்றுக்கொண்டது. சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 100-ஆம் உடன்படிக்கையில் 2002-இல் சேர்ந்தது. அவளை மதிப்பிட்ட மேலதிகாரியும் ஒரு பெண்மணிதான், இரண்டு பிள்ளைகளின் தாய். "இந்த ஆண்டு நீ இருந்ததே ஏழெட்டு மாதம்தானே அம்மா" என்று ஆதரவாகச் சொல்லித்தான் அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாராம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பதினாறு ஆண்டுச் சீட்டுகளில் ஒரு விதிமீறலைக்கூட என்னால் காட்ட முடியாது. என் வயிறு எரிவதற்குக் காரணமும் அதுதான். விதி மீறப்பட்டிருந்தால் புகார் எழுதியிருப்பேன்.

படிகளைப் பற்றி ஒரு சிறு விளக்கம். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் என்று வேலை நியமனச் சட்டம் சொல்வது உடலுழைப்பு சாராத வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குகிறவர்களுக்கு. பதிவுபெற்ற தாதியரின் சம்பளம் அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இரவுக்கு எவ்வளவு, கூடுதல் பணிக்கு எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவமனையின் சொந்த விதிகளிலும் தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் அடங்கியவை. யாரால் இரவில் வீட்டை விட்டுப் போக முடிகிறதோ அவருக்கே அந்தப் பணம்.

குளிர்பதனப் பெட்டியின் கதவு

அவர்கள் வீட்டுச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு பணிப்பட்டியல்கள் ஒட்டியிருக்கின்றன. இடப்பக்கம் அவருடையது: காலை, மாலை, இரவு, ஓய்வு என்று நான்கு நிறங்களில் கட்டங்கள். வலப்பக்கம் அவளுடையது. கிளினிக் வேலை ஒரே நேரந்தானே, அதற்கு எதற்குப் பட்டியல் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் தாளைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். அதில் வேலை நேரம் எழுதப்படவில்லை. யார் பிள்ளையை விடுவது, யார் அழைத்துவருவது, எந்த நாள் அவர் இரவு முடிந்து தூங்க வேண்டும், அன்று பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது, எந்தச் சனிக்கிழமை அவள் கிளினிக், எந்தப் புதன்கிழமை தமிழ்த் துணைப்பாடம் என்று இருந்தது. அவருடைய தாள் மருத்துவமனையில் அச்சிட்டு வந்தது. அவளுடையது பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஓரிடத்தில் தாளே தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

இந்த இரண்டு தாள்களையும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நிலையம் வார நாட்களில் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும்; சனிக்கிழமை பிற்பகல் 2 மணி வரை. வார்டில் காலை ஷிப்ட் 7 மணிக்குத் தொடங்குகிறது. 7 மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் ஈசூனிலிருந்து ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். மாலை ஷிப்ட் முடிய இரவு ஒன்பதரை. இரவு ஷிப்டுக்கு ஒன்பது மணிக்கே அங்கே இருக்க வேண்டும். தாய் தந்தை இருவரும் வார்டில் இருந்தால், மாதத்தில் பெரும்பாலான நாட்களில் அந்த நிலையத்தின் கதவு திறந்திருக்கும் நேரத்தில் அதன் வாசலில் நிற்க ஆள் இல்லை. எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருடைய அம்மா ஜூரோங்கில் மூத்த மகனுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஓராண்டு பணிப்பெண் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் தம் தாயின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்பினார்.

ஆகவே ஒருவர் பகல் வேலைக்கு வந்தாக வேண்டும். யார் என்று அவர்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. அதைச் சொல்லும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்த நேரத்தில் அவருடைய இரவுப் படி அதிகமாக இருந்தது, அக்கா. என்னுடையதை விடுவதுதான் லாபமாகத் தெரிந்தது" என்றாள். அவருடைய படி ஏன் அதிகமாக இருந்தது? அந்த ஆண்டு அவள் மகப்பேற்று விடுப்பில் இருந்தாள், அதனால். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவளுடைய 16 வார விடுப்பில் 4 வாரத்தைத் தந்தைக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. மாற்றவில்லை, அதே காரணத்துக்காக. ஒவ்வொரு முடிவும் அந்த மாதத்துக்குச் சரியான கணக்கு. எல்லாவற்றையும் கூட்டும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

அவருடைய 10 வெள்ளி இரவுப் படியைப் பற்றி நான் அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அவர் இரவெல்லாம் கண்விழித்து நோயாளியின் மூச்சைக் காத்த கூலி அது. அதில் ஒரு காசும் அவருக்கு இனாமாக வரவில்லை. ஆனால் மாதம் எட்டு இரவு அவர் வீட்டில் இல்லாதபோது இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்தவளும் ஒரு பதிவுபெற்ற தாதி. அந்த இரவுகளுக்கு எந்தச் சீட்டிலும் வரி இல்லை. அதைக் கேட்டதும் அவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா சொல்வது சரிதான்" என்றார்.

நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால்

மனிதவள அமைச்சின் ஆய்வாளர்களும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் ஒருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 2020 ஜனவரியில் வெளிவந்தது. 25 முதல் 54 வயது வரையுள்ள, முழுநேரம் வேலை பார்க்கும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் அது எடுத்துக்கொண்டது. 2018-இல் பெண்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்களுடையதைவிட 16.3 விழுக்காடு குறைவு. வயது, கல்வி, தொழில், துறை, வேலை நேரம் ஆகியவற்றால் வரும் வேறுபாட்டைக் கழித்த பிறகு 6.0 விழுக்காடு மிஞ்சியது. 2002-இல் அந்தக் கழித்த இடைவெளி 8.8 விழுக்காடாக இருந்தது. 2023-இல் கழிக்காத இடைவெளி 14.3 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. முன்னேற்றம் உண்மையானது, அதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

எங்கள் மேசையிலும் அதே கழித்தலைச் செய்து பார்த்தேன். மொத்தத்தில் 26 விழுக்காடு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்தால் 82-க்கு 72, அதாவது ஏறத்தாழ 12 விழுக்காடு. பதவியையும் சமமாக்கினால் 82-க்கு 79. நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. அறிக்கை எழுதுகிறவர் இந்த இடத்தில் நிம்மதியாகப் பேனாவை வைத்துவிடலாம். தாதியரிடையே சம்பள இடைவெளி அநேகமாக இல்லை என்று எழுதினாலும் எண்ணில் பிழை இருக்காது.

ஆனால் நாம் கழித்துத் தள்ளியவை எவை? வேலை நேரத்தைக் கழித்தோம். அவளுடைய நேரம் ஏன் குறைந்தது என்பது குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. பதவியைக் கழித்தோம். அவளுடைய பதவி ஏன் பின்தங்கியது என்பது 2016-ஆம் ஆண்டு தள்ளிப்போட்ட படிப்பில் இருக்கிறது. ஒரு வேறுபாட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அது நியாயமாகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சம்பளப் பிரிவில் இத்தனை ஆண்டு இருந்த நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் 2015-இல் மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு பதிவுபெற்ற தாதியரை மட்டுமே எடுத்துக்கொண்டது. 1988 முதல் 2013 வரையிலான தரவுகளில், அனுபவம், கல்வி, வேலை நேரம், பிரிவு எல்லாவற்றையும் சமமாக்கிய பிறகும் ஆண் தாதியர் ஆண்டுக்குச் சராசரியாக 5,148 டாலர் கூடுதலாக வாங்கினார்கள். மருத்துவமனைக்குள் இடைவெளி 3,873 டாலர். வெளிநோயாளர் பிரிவுகளில் 7,678 டாலர். மயக்க மருந்துத் தாதியரிடையே 17,290 டாலர். அந்த நாட்டின் சம்பள முறை வேறு, அங்கே பேரம் பேசிச் சம்பளம் வாங்குவது அதிகம். இங்கே பொதுத்துறையில் அட்டவணை உண்டு, அது பெரிய பாதுகாப்பு. இருந்தாலும் வெளிநோயாளர் பிரிவைப் பற்றிய அந்த எண்ணைப் படித்தபோது என் தங்கையின் கிளினிக்தான் நினைவுக்கு வந்தது.

2023-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், மருந்தாளுநர் தொழிலைச் சமத்துவத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிகிற வேலை அது. அதனால் குறைந்த நேரம் வேலை செய்கிறவருக்கு மணிக்கணக்கில் தண்டனை விழுவதில்லை. தாதிமையும் அப்படிப்பட்ட வேலைதான். ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் நோயாளியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒப்படைப்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி. அதனால்தான் பதவியும் சமமானால் எங்கள் கணக்கிலும் இடைவெளி நான்குக்குள் அடங்குகிறது. வார்டில் ஒப்படைக்க முடிகிறது. வீட்டில் ஒப்படைக்க ஆளில்லை.

எண்ணப்பட்ட ஈராண்டும் எண்ணப்படாத ஈராண்டும்

அவருடைய தேசிய சேவையைப் பற்றி எழுதத் தயங்கினேன். நம் பிள்ளைகள் நாட்டுக்காகக் கொடுக்கும் இரண்டு ஆண்டு அது. அதற்குச் சம்பளத்தில் இடம் கொடுப்பது நியாயம் என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன். என் மகனும் போகப் போகிறவன். என் தங்கையும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவள் சொன்னது வேறு. "அவர் காட்டில் ஓடிய ஈராண்டில் ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அதை அனுபவமாக எண்ணினார்கள். எண்ணட்டும். நான் பிள்ளை பெற்று அரை நேரம் வேலை பார்த்த ஈராண்டில் வாரம் மூன்று நாள் நோயாளிகளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை ஏன் பாதியாக எண்ணினார்கள்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் யோசித்தால், ஒரு நாடு நினைத்தால் எப்படி எண்ணலாம் என்பதற்குத் தேசிய சேவைதான் கைவசமுள்ள சான்று. முழுநேரச் சேவையை முடித்த போர்க்காலப் படையினர் ஆண்டுக்கு 40 நாள் வரை பயிற்சிக்குப் போகிறார்கள். அந்த நாட்களில் வருமானம் குறையாதபடி ஈட்டுச் சம்பளம் கிடைக்கிறது. வேலையிடம் அதைக் காரணம் காட்டி அவர்களை விலக்கக் கூடாது என்று சட்டம் காக்கிறது. வேலையை விட்டு விலகியிருக்கிற காலம் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்று நாம் ஒருமுறை முடிவு செய்து, அதற்கான படிவம், பணம், சட்டம் எல்லாவற்றையும் உருவாக்கிக்காட்டியிருக்கிறோம். பிள்ளைகள் போதவில்லை என்று கவலைப்படுகிற நாடு, பிள்ளை பெற்ற ஆண்டின் மதிப்பீட்டை ஒரு படி இறக்குவது எனக்கு விளங்கவில்லை.

மிஸ்ஸியும் டாக்டரும்

வார்டில் நம் ஊர்ப் பெரியவர்கள் என் தங்கையை "மிஸ்ஸி", அதாவது தாதி, என்று கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையை "டாக்டர்" என்பார்கள். "நான் தாதி, பாட்டி" என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் காலையில் மறுபடி டாக்டர்தான். சிங்கப்பூரில் தாதியரில் ஆண்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் கண்ணில் படுகிறார்கள். பெண்கள் மிகுந்த தொழில்களில் ஆண்களை யாரோ பின்னாலிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை 1992-இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளர் கண்ணாடி மின்படி என்று பெயரிட்டு விளக்கினார். மாப்பிள்ளை அதை ஒப்புக்கொண்டார். "சேர்ந்த முதல் ஆண்டே, நீ எப்போது மேலாளர் ஆகப் போகிறாய் என்று கேட்டார்கள். அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை." அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: எடை மிகுந்த நோயாளியைப் புரட்ட வேண்டுமா, கலாட்டா செய்கிறவரைப் பிடிக்க வேண்டுமா, அவரைத்தான் கூப்பிடுவார்களாம். முப்பத்தாறு வயதில் அவருக்கு இடுப்பில் பட்டை. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன்.

பணம் எப்படி வருகிறது என்பதும் முக்கியம்

கடந்த சில ஆண்டுகளில் பொதுத்துறைத் தாதியரின் சம்பளத்தை அரசு பலமுறை உயர்த்தியிருக்கிறது. 2021 ஜூலை தொடங்கி ஈராண்டில் அடிப்படைச் சம்பளம் 5 முதல் 14 விழுக்காடு வரை உயர்ந்தது. 2022-இல் 1.7 முதல் 2.1 மாதச் சம்பளம் வரை சிறப்புத் தொகை அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் ஏஞ்சல் திட்டத்தை அறிவித்தார். 46 வயதுக்குக் குறைந்த தாதியர் 20 ஆண்டுகளில் மொத்தம் 100,000 வெள்ளி வரை பெறலாம். நான்கிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளி வரை கிடைக்கும்.

சம்பளக்காரியாக எனக்கு இதில் ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. விழுக்காட்டிலும் மாதச் சம்பளத்தின் மடங்கிலும் கொடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள இடைவெளி வெள்ளிக் கணக்கில் பெரிதாகிறது. 82-க்கும் 72-க்கும் பத்து விழுக்காடு கொடுத்தால் 10 வெள்ளி இடைவெளி 11 ஆகும். குறிப்பிட்ட தொகையாகக் கொடுக்கும்போது இருவர் கைக்கும் ஒரே அளவு வருகிறது. ஏஞ்சல் திட்டம் தொகையாகத் தருவதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பாலின இடைவெளியை நினைத்து அதை அப்படி வகுத்தார்களோ இல்லையோ, அவளுக்கு அது சமமாக நடத்தப்பட்ட உணர்வைக் கொடுத்தது.

மத்திய சேம நிதியையும் பார்த்துவிட வேண்டும். 55 வயது வரை முதலாளியின் 17 விழுக்காடும் ஊழியரின் 20 விழுக்காடும் சேர்ந்து சம்பளத்தின் 37 விழுக்காடு கணக்கில் சேர்கிறது. இருவரும் உச்சவரம்புக்குக் கீழேதான் இருக்கிறார்கள். 26 வெள்ளிக்கு 37 விழுக்காடு என்றால் மாதாமாதம் 9 வெள்ளி 60 காசு அவளுடைய கணக்கில் குறைவு. அதற்கு வட்டியும் குறைவு. அறுபத்தைந்து வயதில் மாதம் வரப்போகும் தொகையில் இந்த 2016-ஆம் ஆண்டு இன்னும் உட்கார்ந்திருக்கும்.

நான் கேட்பது

மகப்பேற்று ஆண்டின் மதிப்பீட்டை இறக்கக் கூடாது; முந்தைய ஆண்டின் தரத்தையே நீட்டிக்க வேண்டும். இதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை, மனிதவளப் பிரிவின் ஒரு சுற்றறிக்கை போதும். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறி, பாலினம், கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அது நடைமுறைக்கு வருவதற்குள் மருத்துவமனைகள் தாமே இதைச் செய்யலாம். பகுதிநேர ஆண்டுகளைப் பதவி உயர்வுக்கு முழு ஆண்டாக எண்ண வேண்டும். ஒவ்வொரு பதவிநிலையிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, அங்கே சேர எத்தனை ஆண்டு எடுத்தது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தாதியருக்காவது காட்ட வேண்டும். மருத்துவமனை வளாகத்திலேயே ஷிப்ட் நேரத்துக்கு ஒத்துவரும் பிள்ளைப் பராமரிப்பு வேண்டும். காலை ஆறரைக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடினால் போதும், என் தங்கையின் பென்சில் பட்டியலில் பாதி அழிந்துவிடும்.

பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2025 ஏப்ரலில் 6 வாரமாகத் தொடங்கி, 2026 ஏப்ரலில் 10 வாரமாகிறது. தந்தையருக்கான விடுப்பு 4 வாரம். நம் குடும்பங்களில் மாமியாரும் அம்மாவும் "ஆம்பளைக்கு எதற்கு இத்தனை நாள் லீவு" என்று கேட்காமல் இருந்தால் அந்த விடுப்பு எடுக்கப்படும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் கேட்டார். நான் அன்று வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டின்னை மூடும்போது அவள் சொன்னாள், தீவிர சிகிச்சைத் தாதிமை உயர் பட்டயத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாளாம், ஒன்பது ஆண்டு கழித்து. கிளினிக் மேலதிகாரி பரிந்துரைக்கச் சம்மதித்துவிட்டார். படிப்பு நடக்கும் மாதங்களில் வீட்டில் ஒருவர் பகலில் நிலையாக இருக்க வேண்டும். இம்முறை மாப்பிள்ளைதான் மனுக் கொடுத்தார்: அந்த மாதங்களுக்கு இரவு ஷிப்ட் இல்லாமல் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி. 2024 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டி நெறிகளின்படி அவருக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மனுவை வாங்கிய மேலதிகாரி முதலில் கேட்டது, "ஏன் தம்பி, வீட்டில் மனைவி இல்லையா?" என்றுதானாம்.

"இருக்கிறார், படிக்கப் போகிறார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.